தாத்தாவோட துப்பாக்கி: வயசைத் தேடுறதுக்கு முன்னாடி லைசென்ஸ் தேதியைப் பாருங்க

மேலூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்திருந்தார். பெங்களூர்ல ஐ.டி. வேலை. ஃபார்ம் 16 எல்லாம் கொடுத்துட்டு, கிளம்பும்போது போன்ல ஒரு போட்டோ காட்டினார். பழைய வேட்டியில சுத்தி வச்ச ஒரு ரைஃபிள். விசையைச் சுத்தி வளையம் மாதிரி ஒரு லீவர்.

"தாத்தாவோடது சார். அப்பா தவறி ஒரு வருஷம் ஆச்சு, பரண்ல இருந்து எடுத்தோம். பீப்பாயில 1894னு போட்டிருக்கு. அமெரிக்காவுல நல்ல விலைக்குப் போகுதாம். நெட் வொர்த்ல எவ்வளவு போடலாம்?"

"லைசென்ஸ் இப்ப யார் பேர்ல இருக்கு?"னு கேட்டேன். அவருக்குத் தெரியல. அதனால நான் சொன்ன மதிப்பு: பூஜ்யம். இன்னும் சொல்லப்போனா மைனஸ்.

துப்பாக்கி வாரிசுக்கு வரும், லைசென்ஸ் வராது

நம்ம ஊர்ல நிறைய பேர் இதைப் பாத்திரம், கடிகாரம் மாதிரி நினைக்கிறாங்க. 1959 ஆயுதச் சட்டம் அப்படிப் பார்க்கல. லைசென்ஸ் வச்சிருந்தவர் இறந்துட்டா, அந்தத் துப்பாக்கியைத் தாமதிக்காம போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள ஆயுத டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். வீட்லயே வச்சிருந்தா அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதுக்குக் குறைஞ்சபட்சத் தண்டனையே 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம். மாசம் எஸ்.ஐ.பி. போட்டு எதிர்காலத்தைக் கட்டுற ஒருத்தர் பரண்ல வைக்கிற ரிஸ்க்கா இது?

"நூறு வருஷப் பழசு, ஆன்டிக், சட்டம் பொருந்தாது"னு சிலர் சொல்வாங்க. இது யூடியூப்ல அமெரிக்க வீடியோ பார்த்து வர்ற குழப்பம். அங்க கூட்டரசு சட்டப்படி 1898 வரைக்கும் செஞ்சது ஆன்டிக். இங்க வயசு மட்டும் போதாது. பழைய மாடலா இருந்தாலும், ரிப்பேர் பண்ணினாக்கூடச் சுட முடியாத நிலையில இருந்தாத்தான் விலக்கு. லீவர் இறுகிப்போய் துருப்பிடிச்சிருந்தாலும், சரிபண்ண முடியும்னா அது துப்பாக்கிதான்.

1894ங்கறது செஞ்ச வருஷம் இல்ல

இந்த ரைஃபிள்கள் தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்ல. ஜவளகிரி, பென்னாகரம் காடுகள்ல ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடிப்போன கென்னத் ஆண்டர்சன் கையில இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல் லீவர் ரைஃபிள். 1972ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்த மாதிரி வேட்டைத் துப்பாக்கிகள் பல வீடுகள்ல பீரோவுக்கும் பரணுக்கும் போயிருச்சு.

தம்பி பார்த்த 1894, காப்புரிமைத் தேதியோ மாடல் பேரோவா இருக்கும். அந்த மாடல்ல 1894 ஆகஸ்ட் 21ங்கற காப்புரிமைத் தேதியைப் பல வருஷம் கழிச்சுச் செஞ்ச பீப்பாய்லயும் குத்தியிருக்காங்க. வயசு சொல்றது சீரியல் நம்பர்தான். 1894 மாடல்ல ரிசீவரோட அடிப்பக்கம் இருக்கும். வின்செஸ்டர் கம்பெனியோட பழைய பதிவேடுகள் அமெரிக்காவுல வயோமிங் மாநிலம் கோடி நகர மியூசியத்துல இருக்கு. குறிப்பிட்ட நம்பர் வரிசைகளுக்கு, கட்டணம் வாங்கிட்டு பதிவேட்டு விவரத்தைக் கடிதமாத் தருவாங்க. இங்கிலாந்து வழியா வந்திருந்தா லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனை முத்திரையும் இருக்கும்.

பீப்பாயில .303னு இருந்தா கூடுதல் கவனம் வேணும். 1895 மாடல் அந்த ரகத்துலயும் வந்தது. இந்தியாவுல அது தடைசெய்யப்பட்ட போர் வகை. அந்த ஃபைல் உள்துறை அமைச்சகம் வரைக்கும் போகும்.

நம்பர் பார்க்கறேன்னு நீங்களே லீவரை இழுக்காதீங்க. 1894 மாடல்ல பீப்பாய்க்குக் கீழே இருக்கிற குழாய்க்குள்ள பழைய தோட்டா இருந்தாலும் வெளிய தெரியாது. டீலர் காலி பண்ணிக் கொடுக்கட்டும்.

புளி போட்டுத் தேய்க்காதீங்க

ஆர்வத்துல செய்யற சேதம்தான் அதிகம். உப்புத்தாள், புளி, சாம்பல், புது கறுப்புப் பூச்சு, கட்டைக்கு வார்னிஷ் எதுவும் வேண்டாம். அந்தப் பழைய மேற்பரப்புக்குத்தான் சேகரிப்பாளர் காசு கொடுப்பார். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகிடும். லேசா கன் ஆயில் துடைச்சா போதும். துணியிலயோ தோல் உறையிலயோ சுத்தி வச்சா ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை அதுவே பிடிச்சு வச்சுக்கும். தேர்தல் நேரத்துல ஸ்டேஷன்ல ஒப்படைக்க வேண்டி வந்தா, எண்ணெய் போட்டு, போட்டோ எடுத்து, ரசீது வாங்கிக் கொடுங்க.

என் கருத்து

"எதுக்குத் தலைவலி, சரண்டர் பண்ணிடு"ன்னு சொல்ற பெரியவங்க இருக்காங்க. "யாருக்குத் தெரியப்போகுது, இருக்கட்டும்"னு சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டும் தப்பு. வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்க 2016 ஆயுத விதிகள்லயே வழி இருக்கு. அப்பா உயிரோட இருக்கும்போதே, அவருக்கு 70 வயசு ஆகியிருந்தாலோ துப்பாக்கியை 25 வருஷம் வச்சிருந்தாலோ, அவர் சொல்ற வாரிசு பேருக்கு விண்ணப்பிக்கலாம். இறந்த பிறகும் விண்ணப்பிக்கலாம், ஆனா அப்ப இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லார் சம்மதமும் தேடி அலையணும். ஒருத்தர் பேர்ல ரெண்டு துப்பாக்கிக்கு மேல கூடாது, பரம்பரையா வந்தாலும் அதே கணக்குதான்.

விலையைப் பத்தியும் கனவு வேண்டாம். வாரிசா வர்றதுக்கு வரி இல்ல, எஸ்டேட் டியூட்டி 1985லயே போயிருச்சு. ஆனா இங்க லைசென்ஸ் உள்ளவருக்கோ டீலருக்கோதான் விக்க முடியும். வாங்குற கூட்டமே சின்னது. டாலர் விலையை ரூபாயாக்கி எக்செல்ல போடறதுல அர்த்தம் இல்ல.

அந்தத் தம்பி வக்கீலோட போய் ஸ்டேஷன்ல எழுத்துல சொல்லி, அவங்க சொன்னபடி டீலர்கிட்ட ஒப்படைச்சுட்டார். ரசீது ஃபைல்ல இருக்கு, விண்ணப்பம் போயிட்டிருக்கு. ஒப்படைச்சதை விதிச்ச காலத்துக்குள்ள திருப்பி வாங்கவோ விக்கவோ இல்லன்னா அரசு எடுத்துக்கலாம், அதனால தேதியைக் காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கார்.

உங்க வீட்லயும் ஒண்ணு இருந்தா, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பாகிட்ட இன்ஷூரன்ஸ், பேங்க் நாமினி பத்திக் கேக்கறப்போ இதையும் சேர்த்துக் கேளுங்க: "லைசென்ஸ் புக் எங்கப்பா, எப்ப முடியுது?" தாத்தா ஞாபகமா அது வீட்ல இருக்கணும்னா, அந்தத் தேதியில இருந்துதான் ஆரம்பிக்கணும்.