நீர்வழிகளில் வேகமும் பாதுகாப்பும்

வீதி விபத்துகள் குறித்துப் பேசப்படும் அளவுக்கு நம் நாட்டில் நீர்வழிகளின் பாதுகாப்புக் குறித்துப் பேசப்படுவதில்லை. படகொன்று கவிழ்ந்து உயிர்கள் பலியாகும் வேளைகளில் மட்டுமே அது பேசுபொருளாகின்றது. சில வாரங்களில் மறக்கப்பட்டும் விடுகின்றது.

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் இடம்பெற்ற அனர்த்தத்தை இலகுவில் மறந்துவிட முடியாது. பாலம் நிர்மாணிக்கப்பட்டுக்கொண்டிருந்த நிலையில் மாற்றுப் போக்குவரத்தாகப் பயன்பட்ட இழுவைப் படகு காலை வேளையில் கவிழ்ந்தது. பாடசாலைச் சிறார்கள் உட்பட அறுவர் அன்றைய தினமே பலியாகினர். அவ்விபத்துக்கு வேகம் காரணமன்று. எத்தனை பேரை ஏற்றலாம், உயிர்காப்பு அங்கி எங்கே, அனுமதி வழங்கியது யார் என்ற கேள்விகள் உயிர்கள் பறிபோன பின்னரே எழுப்பப்பட்டன.

தெற்கே பலப்பிட்டியில் உள்ள மாது கங்கையில் பிரச்சினை வேறு வடிவம் எடுக்கின்றது. 2003ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இந்நீர்ப்பரப்பை உல்லாசப் பயணிகளின் இயந்திரப் படகுகளும் மீனவரின் சிறு தோணிகளும் தீவுகளில் வாழும் மக்களின் படகுகளும் ஒருங்கே பயன்படுத்துகின்றன. விரைந்து செல்லும் படகு எழுப்பும் அலை, சிறு தோணியைத் தடுமாறச் செய்வதுடன் கண்டல் தாவரங்களின் வேரடி மண்ணையும் அரித்துச் செல்கின்றது. அலையின் உயரம் இரு மடங்கானால் அதன் சக்தி நான்கு மடங்காகும். முன்பகுதி மேலெழுந்து செல்லும் நடுத்தர வேகத்திலேயே பல படகுகள் பெரும் அலையை எழுப்புகின்றன. எனவே வேகத்தைச் சற்றுக் குறைப்பதால் மட்டும் பயன் கிட்டாது. ஒடுங்கிய கால்வாய்களிலும் இறங்குதுறைகளுக்கு அருகிலும் அலை எழாத அளவுக்கு மெதுவாகச் செல்வதே விதியாக வேண்டும். நீர்ப்பரப்பிலுள்ள மிகச் சிறிய தோணியின் பாதுகாப்பே வேக எல்லையின் அளவுகோலாக அமைய வேண்டும் என்பது எமது நிலைப்பாடாகும்.

படகோட்டிகளின் நிலையையும் கருத்திற்கொள்ள வேண்டும். ஒரு நாளில் எத்தனை பயணங்கள் என்பதே அவர்களது வருமானத்தைத் தீர்மானிக்கும்போது வேகம் தவிர்க்க முடியாததாகின்றது. நியாயமான கட்டணமும் முறைவரிசையும் இன்றி அபராதத்தை மட்டும் அறவிடுவது பயனளிக்காது.

அயல் நாடான இந்தியாவின் அனுபவமும் நமக்குப் பாடமாகும். கேரளத்தின் தேக்கடியில் 2009ஆம் ஆண்டு உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் பலியாகினர். விசாரணை ஆணைக்குழுவும் நியமிக்கப்பட்டது. எனினும் 2023 மே மாதம் தானூரில் அளவுக்கு மீறிப் பயணிகளை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். விசாரணைகள் மாத்திரம் உயிர்களைக் காப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆகவே வேக எல்லை பற்றிய மீளாய்வு தனித்து நடைபெறலாகாது. ஏற்றக்கூடிய பயணிகளின் எண்ணிக்கை ஒவ்வொரு படகிலும் தெளிவாக எழுதப்பட வேண்டும். உயிர்காப்பு அங்கியின்றி எவரும் ஏற்றப்படலாகாது. உள்ளூராட்சி மன்றம், பொலிஸார், கடற்படை என ஒருவரை ஒருவர் கைகாட்டாத வகையில் ஒவ்வொரு நீர்வழிக்கும் பொறுப்பான அதிகாரி ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். மீனவரினதும் படகோட்டிகளினதும் கருத்துகளைக் கேட்டறிந்த பின்னரே விதிகள் வகுக்கப்பட வேண்டும்.

அடுத்த அனர்த்தத்தின் பின்னர் அனுதாபம் தெரிவிப்பதை விடுத்து, அதனைத் தடுக்கும் நடவடிக்கைகளில் இப்போதே இறங்குமாறு சம்பந்தப்பட்டோரை வலியுறுத்துகின்றோம்.