சுதந்திர தினமும் சரக்கு வண்டியும்

பெப்ரவரி நான்காந் திகதி பிறந்தால் நாடெங்குங் கொடியேறுகின்றது. தலைநகரில் அணிவகுப்பு நடைபெறும். பாடசாலைகளிற் பேச்சுப் போட்டியும் இனிப்பும் உண்டு. எமது கிழக்கில் அந்நாளைக் கொண்டாடுவாரும் உளர். கரிநாளென வீதியில் நின்று நீதி கேட்பாரும் உளர். அவ்வழக்கை இம்மலரில் ஆராய நாம் புகவில்லை. ஆயினும் 1948 முதல் வந்துபோகும் இவ்விழா ஏறாவூரில் ஒரு வேலை தொடங்கும் நாளாக அமையவில்லையே என்னுங் குறை எமக்குண்டு.

அமெரிக்கரின் சுதந்திர தினம் யூலை 4. நடுக்கோடையில் வரும் விடுமுறை. வாணவேடிக்கைக்கும் ஊர்வலத்துக்கும் பேர்போனது. 1828ஆம் ஆண்டு அந்நாளிலே போல்ரிமோர் நகர மாந்தர் ஊர்வலமாகச் சென்று ஓர் இருப்புப்பாதைக்கு முதற்கல் நாட்டினர். கல்லை நாட்டியவர் சார்ள்ஸ் கரோல் என்னும் தொண்ணூறு வயதுக் கிழவர். சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டோருள் அன்று உயிரோடிருந்தவர் அவர் ஒருவரே. அப்பாதை எதற்காக? ஈரிக் கால்வாய் 1825இல் திறக்கப்பட்டதும் உள்நாட்டு வாணிகம் நியூயோர்க்கை நாடியது. தம் துறைமுகம் வெறிச்சோடுமென அஞ்சிய போல்ரிமோர் வணிகர், சரக்கு ஏற்றியிறக்கவே ஒகையோ ஆறு வரை பாதையிடத் துணிந்தனர். ஆற்றங்கரையை அடைய 24 ஆண்டுகள் சென்றன. மூட்டை சுமக்கும் பாதைக்குக் கல் நாட்டுவதே தேசபக்தியெனக் கருதிய அம்மக்களின் உள்ளத்தை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

நம் நாட்டிலும் புகைவண்டி சரக்குக்காகவே வந்தது. 1858 ஓகஸ்ட் 3இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதன்மண் வெட்டியதும், 1867இற் கண்டிக்குப் பாதை எட்டியதும் மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கே. பயணிகள் பின்னர் வந்து தொற்றிக்கொண்டோரென்றே சொல்லலாம். மட்டக்களப்புப் பாதை 1928இல் திறக்கப்பட்டது. 1956இல் வாழைச்சேனைக் காகித ஆலை எழுந்தது. வட்டையிற் சூடடித்து எஞ்சிய வைக்கோல் அங்கே கூழாகிக் காகிதமாயிற்று; அவ்வயற் புல்லே கொப்பியாகிப் பிள்ளைகளின் மேசையை அடைந்தது. இதனினும் சிறந்த பொருளியற் பாடம் எப்புத்தகத்திலுண்டு?

மனம்பிட்டிப் பாலத்தையும் ஓட்டமாவடிப் பாலத்தையும் பழைய மாணவர் மறந்திரார். ஒரே பாலத்தின்மேற் புகைவண்டியும் லொறியும் மாறிமாறிச் சென்றன; வண்டி வருங்கால் லொறி காத்து நின்றது. மனம்பிட்டியில் 2007இல் வீதிக்கெனத் தனிப்பாலம் வந்தது. ஓட்டமாவடியிலும் பின்னர் அவ்வாறே. நன்றே. ஆயினும் அதன்பின் லொறி காத்து நிற்கவில்லை. சரக்கு வண்டிதான் காத்து நிற்கின்றது! போர்க்காலத்தில் எமது பாதை பல்லாண்டு முடங்கிக் கிடந்தது. அது மீண்டபோது பயணிகள் திரும்பினர், நெல்மூட்டை திரும்பவில்லை. இன்று இலங்கையின் சரக்கில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடப் புகைவண்டியில் ஏறுவதில்லை.

இரும்புச் சக்கரம் இரும்புப் பாதையில் உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. ஆதலின் எரிபொருளுங் குறைவு. பெட்டிக்கு 20 தொன்னாக 20 பெட்டி கோத்தால் 400 தொன்; பத்துத் தொன் லொறியாயின் நாற்பது வேண்டும். நாற்பது லொறியும் நாற்பது சாரதியும் இரவெல்லாங் கண்விழித்து நெடுந்தூரம் ஓட, ஓர் எஞ்சின் செய்யும் வேலையை நாம் மறந்திருக்கின்றோம்.

லொறி வயல்வரம்புக்கே வருமே, வண்டி வருமோ என்று வினவுவர். நியாயமான வினாவே. வயலிலிருந்து நிலையத்துக்கும், கொழும்பில் நிலையத்திலிருந்து களஞ்சியத்துக்கும் இருமுறை ஏற்றியிறக்க நேரும். கூலியும் சிந்தலும் மிகும். சிறுதொகைக்கும் கிட்டிய சந்தைக்கும் லொறியே ஏற்றது. பெருந்தொகை நெடுந்தூரஞ் செல்லும்போதுதான் வண்டி வெல்லும். அதுவும் வெறும்பெட்டியாய்த் திரும்பின் நட்டமே. பசளையும் சீமெந்தும் மாவும் ஏற்றித் திரும்புதல் வேண்டும். யானைகளையும் எண்ணவேண்டும். 2024 ஒக்டோபரில் மட்டக்களப்பு நோக்கி எரிபொருள் கொணர்ந்த வண்டி மின்னேரியாப் பகுதியில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. இரு யானைகள் மாண்டன. 2025 பெப்ரவரியிற் பயணிகள் வண்டி மோதி ஹபரணைக்கருகே ஆறு யானைகள் இறந்தன. விநாயகரை வணங்கும் நமக்கு இது சிறுசெய்தியன்று. நெல்லுக்கு அவசரமில்லை, அக்காட்டைப் பகலில் மெல்லக் கடக்கலாம்.

தைப்பூசத்திற் புதிரெடுத்த கையோடு பெரும்போக அறுவடை மும்முரமாகும் காலத்தில் பெப்ரவரி நான்கு வருகின்றது. ஆதலால் எமது யோசனை இது: அந்நாளில் ஏறாவூர் நிலையத்திலிருந்து நெல்லேற்றிய ஒரு வண்டி புறப்படட்டும். தமிழ்க் கமக்காரரின் நெல்லும் முஸ்லிம் கமக்காரரின் நெல்லும் ஒரே பெட்டியிற் செல்லும். தொடர்ந்து அறுவடை முடியுமட்டும் வாரமொரு வண்டி. அதன் கணக்கை மாணவரே எழுதட்டும். எத்தனை மூட்டை ஏறின, எத்தனை சிந்தின, கூலி என்ன, லொறியோடு ஒப்பிட்டால் மிச்சமா நட்டமா என்று ஒரு போகம் முழுதும் எழுதினால் அரசிடங் கேட்கும்போது கையில் ஆதாரமிருக்கும்.

இதற்கு நிலையத்திற் சரக்கேற்றும் மேடையும் பக்கப்பாதையும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். ஆலைக்காரர் முன்கூட்டியே தொகை உறுதிசெய்தல் வேண்டும். பழைய மாணவருள் பொறியியலாளர், கந்தோர் உத்தியோகத்தர், ஆலையுடையோர் எனப் பலர் இருக்கின்றனர். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரணையாக முன்வைக்க எண்ணியுள்ளோம். லொறியுடைய பழைய மாணவரும் தவறாது வருக. வயலிலிருந்து நிலையம் வரை மூட்டை கொணர அவரன்றி யாரால் முடியும்?