இருசக்கரங்களுக்கும் வழி வேண்டும்

நுழையும்முன்
சாலை அகலமானால் பயணம் எளிதாகும் என்பது பொதுவான நம்பிக்கை. அவ்வகலம் யாருக்குப் பயன்படுகிறது, யாருக்கு இடராகிறது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. நெடுஞ்சாலையோரச் சிற்றூர்களில் வாழும் இருசக்கர ஊர்தி ஓட்டுநர்களின் வழியுரிமை குறித்து இக்கட்டுரை பேசுகிறது.

ஆறு என்னும் சொல்

தமிழில் 'ஆறு' என்னும் சொல் நீரோடும் ஆற்றைக் குறிக்கும். மக்கள் செல்லும் வழியையும் குறிக்கும். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வள்ளல் இருக்கும் இடத்தைக் கூறி வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனது தலைநகராகிய கிடங்கில், இன்றைய திண்டிவனத்தில் உள்ளது. எவ்வூரின் வழியே செல்ல வேண்டும், எவ்வூரில் எத்தகைய உணவு கிடைக்கும் என்பவற்றை எல்லாம் அந்நூல் எடுத்துரைக்கிறது. நடந்து செல்லும் எளியவனை மனத்தில் இருத்தி வழி கூறிய மரபு இம்மண்ணுக்கு உண்டு.

அதே மண்ணில் இன்று நான்குவழிச் சாலைகள் ஓடுகின்றன. விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கண்டமங்கலம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமான இவ்வூர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. எனினும், இதே சாலையில் மேற்கே உள்ள மதகடிப்பட்டும் திருபுவனையும், கிழக்கே உள்ள அரியூரும் வில்லியனூரும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவை. எல்லைக்கோடு பலமுறை குறுக்கிட்டாலும் மக்களின் வாழ்க்கை ஒன்றுதான். ஓர் ஊரில் வீடும் மற்றோர் ஊரில் வேலையும் இருப்பது இங்கு இயல்பு. ஆலைக்குச் செல்லும் தொழிலாளரும், கல்லூரிக்குச் செல்லும் மாணவரும், பால் கேனையும் புல்லுக்கட்டையும் மொபெட்டில் ஏற்றிச் செல்லும் உழவரும் இச்சாலையை நம்பியே வாழ்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோரிடம் மகிழுந்து இல்லை. இருசக்கர ஊர்தியே உண்டு.

எண்கள் உணர்த்துவது

நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இறந்தோருள் 74,897 பேர் இருசக்கர ஊர்தியில் சென்றோர். அதாவது நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கும் மேல். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம் பெற்றது. இங்கு 64,105 விபத்துகள் நேர்ந்தன. 17,884 பேர் மாண்டனர்.

இவ்வெண்களைக் காணும்போது, "இருசக்கர ஊர்தி ஓட்டுவோர் விதிகளை மதிப்பதில்லை" என்னும் முடிவுக்கு வருவது எளிது. அம்முடிவில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. தலைக்கவசம் அணியாமை, மிகுவேகம், மது அருந்தி ஓட்டுதல், ஒரே வண்டியில் மூவர் செல்லுதல் ஆகியவை மறுக்க இயலாத குற்றங்கள். எனினும், ஓட்டுநரின் ஒழுக்கத்தை மட்டும் ஆராய்ந்து, சாலையின் அமைப்பை ஆராயாமல் விட்டால் உண்மையின் மறுபகுதி மறைந்துவிடும்.

எதிர்த்திசைப் பயணத்தின் வேர்

நெடுஞ்சாலையோர ஊர்களில் அன்றாடம் காணக்கூடிய விதிமீறல், எதிர்த்திசையில் வண்டி ஓட்டுதல். அது ஏன் நிகழ்கிறது?

இருவழிச் சாலையாக இருந்தவரை ஊரார் தமக்குத் தேவையான இடத்தில் சாலையைக் கடந்தனர். நான்குவழிச் சாலையானதும் நடுவில் மையத்தடுப்பு எழுந்தது. வேகமாகச் செல்லும் ஊர்திகள் நேருக்கு நேர் மோதாமல் காக்க அத்தடுப்பு இன்றியமையாதது. ஆனால், அதே தடுப்பு ஊரையும் இரண்டாகப் பிரிக்கிறது. வீடு ஒருபுறம், வயல் மறுபுறம். பள்ளி ஒருபுறம், நியாயவிலைக் கடை மறுபுறம் என்னும் நிலை உருவாகிறது.

ஒருவரின் வயல் சாலைக்கு அப்பால் கண்ணெதிரே இருப்பதாகக் கொள்வோம். மையத்தடுப்பின் திறப்பு இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. முறைப்படி சென்றால், திறப்புவரை சென்று திரும்பி வர அவர் நான்கு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். நாளைக்கு இருமுறை போய்வந்தால் பதினாறு கிலோமீட்டர். ஓரமாக எதிர்த்திசையில் சென்றால் அதில் பெரும்பகுதி மிச்சம். பெட்ரோல் விலையும் விடியற்காலைப் பால் கறவையின் அவசரமும் அவரை எதிர்த்திசைக்குத் தள்ளுகின்றன. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அவரை நோக்கி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பேருந்து வருகிறது. இருவருக்கும் இடையிலான தொலைவு ஒரு நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் குறைகிறது. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

திறப்பில் கடப்பதும் எளிதன்று. ஏற்றிய சுமையோடு ஒரு மொபெட் சாலையின் ஒரு பாதியைக் கடக்க ஐந்து நொடி ஆகிறது எனலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஊர்தி அந்த ஐந்து நொடியில் 110 மீட்டர் கடந்துவிடும். இருள் சூழ்ந்த பொழுதில், முகப்பு விளக்கின் ஒளியை மட்டும் கொண்டு அத்தொலைவைச் சரியாகக் கணிப்பது முதியோருக்கு மட்டுமன்றி இளையோருக்கும் அரிது.

அவர் செய்தது விதிமீறல் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவ்விதிமீறல் சாலையில் தொடங்குவதற்கு முன்பே வரைபடத்தில் தொடங்கிவிடுகிறது. நெடுந்தொலைவு செல்லும் ஊர்திகளைக் கணக்கிட்டு வரையப்படும் சாலை, அதை நாள்தோறும் குறுக்கே கடக்கும் ஊர்மக்களையும் கணக்கிட வேண்டும். ஊரின் நீளத்திற்கு இருபுறமும் தொடர்ச்சியான அணுகுசாலை, பேருந்தும் சரக்குந்தும் குறுக்கிடாத சுரங்கப்பாதை, ஒளிமிக்க விளக்குகள் ஆகியவை இருந்தால் எதிர்த்திசையில் செல்லும் தேவையே பெரிதும் குறையும். மக்கள் 'சர்வீஸ் ரோடு' என்றழைக்கும் அணுகுசாலை பாதியில் அறுந்துபோனால், அறுந்த இடத்தில் மொபெட்டும் விரைவூர்தியும் ஒரே தடத்தில் சந்திக்கும். மழைநீர் தேங்கும் சுரங்கப்பாதையும் இல்லாததற்கு ஒப்பாகும்.

தெரிந்து தெளிவோம்
மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் 198ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் வகுக்கப்பட்ட தரத்தைப் பின்பற்றாமையால் உயிரிழப்போ உடற்குறையோ நேர்ந்தால், அதற்குப் பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர் முதலியோருக்கு ஓர் இலட்சம் ரூபாய்வரை தண்டத்தொகை விதிக்க இப்பிரிவு வழி செய்கிறது.

விலக்குவதா? இடம் தருவதா?

இருசக்கர ஊர்திகளின் பாதுகாப்புக்கு உலகில் இருவேறு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று, அவற்றை விரைவுச் சாலையிலிருந்து விலக்குதல். பெங்களூரு – மைசூரு விரைவுச் சாலையின் முதன்மைத் தடங்களில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர ஊர்திகள், ஆட்டோக்கள், டிராக்டர்கள் முதலியவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. அங்கு ஆறு முதன்மைத் தடங்களுக்கு இருபுறமும் இரண்டிரண்டு தடங்கள் கொண்ட அணுகுசாலைகள் அமைக்கப்பட்டுள்ளன. மாற்றுவழி இருக்குமிடத்தில் இத்தகைய தடை உயிரைக் காக்கும். மாற்றுவழி இல்லாத இடத்தில் தடை மட்டும் வந்தால், அது எளியோரின் பயணத்தையே பறிப்பதாகும்.

மற்றொன்று, அவற்றுக்கெனத் தனி இடம் தருதல். மலேசியாவில் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டுமேயான தனித்தடம் 1970களிலேயே அமைக்கப்பட்டது. முதன்மைச் சாலையினின்று பிரிக்கப்பட்ட அத்தடம், சந்திப்புகளில் சாலைக்கு அடியில் புகுந்து செல்கிறது. தமிழர் பலர் வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்லும் தொழிலாளர் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றனர். மோட்டார் சைக்கிளைத் தொல்லையாகக் கருதாமல், தொழிலாளரின் ஊர்தியாகக் கருதியதன் விளைவு அது. தமிழ்நாட்டின் எல்லாச் சாலைகளிலும் தனித்தடம் அமைக்கப் பெரும்பொருளும் நிலமும் வேண்டும். ஆனால், ஊர்களை ஊடுருவும் பகுதிகளில் இடையறாத அணுகுசாலை அமைப்பது எட்டக்கூடிய இலக்கே ஆகும்.

சுங்கமும் உரிமையும்

"தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர ஊர்திகள் கட்டணம் செலுத்துவதில்லை; கட்டணம் செலுத்துவோர் வேகமாகச் செல்வதற்காகவே இச்சாலைகள் அமைந்தன" என்று வாதிடுவோர் உண்டு. சுங்கச்சாவடியில் விலக்கு உண்டு என்பது உண்மையே. ஆனால், சுங்கக் கட்டணம் மட்டுமே சாலைக்கான வருவாய் அன்று. பெட்ரோல், டீசல் ஆகியவற்றின் மீது விதிக்கப்படும் தீர்வை, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த மத்திய சாலை, உட்கட்டமைப்பு நிதியத்திற்குச் செல்கிறது. மொபெட்டில் ஒரு லிட்டர் பெட்ரோல் நிரப்பும் உழவரும் அந்நிதிக்குப் பங்களிக்கிறார். வண்டியைப் பதிவு செய்யும்போதே வாழ்நாள் வரியையும் அவர் செலுத்திவிடுகிறார். அகலமாகும் சாலைக்குத் தம் நிலத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தோரும் சாலையோர ஊரார்தாம். ஆகவே, அவர்கள் கேட்பது சலுகை அன்று, உரிமை.

மருத்துவர் தொடுத்த வழக்கு

இவ்வுரிமைக்கான முயற்சியில் தமிழ்நாட்டுக்குக் குறிப்பிடத்தக்க பங்குண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன், 2012ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கொன்றைத் தொடுத்தார். உடைந்த எலும்புகளை இணைப்பதோடு தம் பணி முடிந்ததாகக் கருதாமல், அவை உடையாமல் காக்கும் வழியை நாடு முழுமைக்கும் அவர் வேண்டினார். அவ்வழக்கின் பயனாக, 2014ஆம் ஆண்டு ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. 2017 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் விரிவான கட்டளைகளைப் பிறப்பித்தது. மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைத்தல், விபத்து மிகுந்த இடங்களைக் கண்டறிந்து சீரமைத்தல், சாலைத் திட்டங்களைப் பாதுகாப்பு நோக்கில் தணிக்கை செய்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

விபத்துக்குப் பின்னான உதவியிலும் தமிழ்நாடு முன்னடி எடுத்து வைத்துள்ளது. திண்டிவனத்தை அடுத்த மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. விபத்துக்குப் பின் காட்டப்படும் இக்கருணை, விபத்துக்கு முன் சாலையின் வரைபடத்திலும் காட்டப்பட வேண்டும்.

ஓட்டுநரின் கடமை

உரிமை கேட்போர் கடமையை மறக்கலாகாது. தலைக்கவசம் அணிவதும், அதன் வாரைப் பூட்டுவதும், பின்னிருக்கையில் அமர்பவருக்கும் தலைக்கவசம் அளிப்பதும் சட்டத்தின் கட்டளை. 18 வயது நிறையாதோர் கியருள்ள வண்டியை ஓட்டச் சட்டம் இடந்தரவில்லை. ஓட்டினால் பெற்றோரும் தண்டனைக்கு உள்ளாவர். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்னும் இயற்பியல் பாடம், தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியதன்று. சுரங்கப்பாதை கட்டித் தந்த பின்னும் எதிர்த்திசையில் செல்வோருக்காக எவரும் வாதாட இயலாது.

கோரிக்கையின் வழிமுறை

சாலை மறியல் ஒருநாள் செய்தியாகி மறையும். சான்றுகளோடு கூடிய கோரிக்கை கோப்பில் நின்று விடை கேட்கும். ஓர் ஊரின் சந்திப்பில் காலை எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை எத்தனை இருசக்கர ஊர்திகள் சாலையைக் கடக்கின்றன, எத்தனை எதிர்த்திசையில் செல்கின்றன, அருகிலுள்ள திறப்பு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பவற்றைச் சாலையோரத்தின் பாதுகாப்பான இடத்திலிருந்து மாணவர்களே கணக்கெடுக்கலாம். எழுதுகோலும் ஏடும் இருந்தால் போதும். அணுகுசாலை அறுபடும் இடங்களையும் எரியாத விளக்குகளையும் வரைபடத்தில் குறிக்கலாம். சாலைத் திட்டத்தின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி ஊரார் கேட்டுப் பெறலாம். வரைபடத்தில் இருந்து தரையில் இல்லாதவை எவை என்பது அப்போது வெளிப்படும்.

இவற்றைக் கிராம சபைக் கூட்டத்தில் முன்வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் அனுப்பலாம். கண்டமங்கலம் போன்று இரு ஆட்சிப் பகுதிகள் பின்னிக் கிடக்கும் இடத்தில், தமிழ்நாட்டு ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் ஒன்றுகூடி ஒரே கோரிக்கையை எழுப்புவது இன்றியமையாதது. சாலை ஒன்று, அதில் மாளும் உயிரின் மதிப்பும் ஒன்று.

விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையிலான பயண நேரம் குறைந்திருப்பது வரவேற்கத்தக்கது. அந்த நேரச் சேமிப்புக்காகச் சாலையோர உழவர் தம் வயலுக்குச் செல்ல உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. அடுத்துப் போடப்படும் ஒவ்வொரு நெடுஞ்சாலையின் வரைபடத்திலும், கையெழுத்திடப்படும் முன்பே, பால் கேனோடு சாலையைக் கடக்கும் மொபெட்டுக்கு ஓர் இடம் குறிக்கப்பட வேண்டும்.