கடலை அளக்க முடியாதென்னும் வாதம்

பூமியின் பரப்பில் ஏறத்தாழ 71 சதவீதத்தை மூடிக் கிடக்கும் சமுத்திரத்தில், காற்றிலுள்ளதைப்போல் சுமார் ஐம்பது மடங்கு கார்பன் கரைந்திருக்க, சில கப்பல்கள் மொண்டு வரும் புட்டித் தண்ணீரைக் கொண்டு, மனிதன் எரித்த நிலக்கரியின் புகை அதில் இவ்வளவு சேர்ந்தது என்று கணக்குச் சொல்வது வெறும் பிரமை என்னும் வாதம் படித்தவர்களிடையேகூட அடிபடுகிறது.

கருவியின் பிழையே கணக்கை விழுங்கிவிடும் என்பது அவர்களுடைய முதல் ஆக்ஷேபணை. ஒரு கிலோகிராம் மேற்பரப்புக் கடல்நீரில் சுமார் 2000 மைக்ரோமோல் கார்பன் இருக்க, ஆண்டுதோறும் கூடுவது ஏறத்தாழ 1 மைக்ரோமோல்தான் என்பதால், இந்தச் சந்தேகம் நியாயமானதே. ஒரு காலத்தில் கப்பலுக்குக் கப்பல் அளவு முரண்பட்டதும் உண்மையே. ஆனால் 1990-ஐ ஒட்டி, காலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஆண்ட்ரூ டிக்சன் என்பவர், நுண்ணுயிர்கள் அளவைக் கெடுத்துவிடாதபடி, நம் சித்த வைத்தியர்கள் வீரம் என்று சொல்லும் பாதரசக் குளோரைடைச் சிறிது கலந்து கடல்நீரைப் புட்டிகளில் அடைத்து, அதன் கார்பனைக் கரையிலேயே நிச்சயித்து, பல தேசத்துக் கப்பல்களுக்கும் அனுப்பத் தொடங்கினார். முத்திரையிட்ட படிக்கல்லின் முன் கள்ளத் தராசு நிற்க முடியாததுபோல, பிசகிய கருவி அந்தப் புட்டியிடம் அகப்பட்டுவிடுகிறது. கவனமாகச் செய்தால் இன்று பிழை 1 அல்லது 2 மைக்ரோமோல். பத்தாண்டில் சேருவதோ சுமார் பத்து.

பருவத்துக்குப் பருவம் அளவு ஏறி இறங்குகிறதே என்பார்கள். இறங்கட்டும். ஹவாய்த் தீவுகளுக்கு வடக்கே அலோஹா என்னும் ஒரே இடத்துக்கு 1988 அக்டோபர் முதல் ஏறக்குறைய மாதந்தோறும் போய் அளந்து வருகிறவர்களின் ஏட்டில், பருவத்தின் ஏற்ற இறக்கம் வந்து வந்து போக, அதன் அடிமட்டமே ஆண்டுக்காண்டு உயர்ந்திருக்கிறது.

எஞ்சியிருப்பது சோடாப் புட்டி வாதம்: சூடேறிய நீர் வாயுவை வெளிவிடுமாதலால், காற்றில் கூடிய கரியமில வாயு கடல் தந்ததே என்பது. வெப்பமண்டலக் கடலின் சில பகுதிகள் வாயுவை வெளிவிடுவது மெய். ஆயினும் முழுக் கடலையும் கூட்டிப் பார்க்கையில், 1800 முதல் 1994 வரை மனிதனால் விளைந்த கார்பனில் சுமார் 118 பில்லியன் டன் அதில் சேர்ந்திருப்பதாக, 1990-களின் ஆராய்ச்சிப் பயணங்களின் அளவுகளைத் திரட்டி 2004-இல் வெளியிட்டார்கள். 19 பில்லியன் டன் கூடலாம் அல்லது குறையலாம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. கடல்தான் கொடுத்தது என்கிறவர்கள், கொடுத்த பிறகும் அதன் கையிருப்பு கூடியது எங்ஙனம் என்று கணக்குக் காட்டட்டும்.