குத்தினால் போதுமா?

“மண்ணில் குத்து, எண்ணைப் பார், தண்ணீரைத் திற, அவ்வளவுதான்.” மண் ஈர சென்சாரை விற்பவரும் இதைத்தான் சொல்கிறார், வாங்கியவரும் இதைத்தான் சொல்கிறார். மலாக்காவில் ஜாசின் பக்கத்துச் செம்பனை நாற்றங்காலானாலும் சரி, அலோர் காஜா வீட்டுக் கொல்லையின் கத்தரிப் பாத்தியானாலும் சரி, பேச்சு மாறுவதில்லை. கருவியே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. ‘குத்தினால் போதும்’ என்பதைத்தான் மறுக்கிறேன்.

முதல் வாதம்: கருவி தண்ணீரை அளக்கிறது.

அளப்பதில்லை, ஊகிக்கிறது. மின்தேக்கி வகைக் கருவி பார்ப்பது மண்ணின் மின்காப்பு மாறிலியை. அது தண்ணீருக்கு ஏறத்தாழ 80, மண் துகளுக்குச் சுமார் 4, காற்றுக்கு 1. இந்தப் பெரிய வித்தியாசத்தை வைத்துத்தான் ஈரத்தைக் கணக்கிடுகிறது. இரண்டு கம்பி நீட்டிய மலிவு வகையோ மின்தடையைப் பார்க்கிறது. உரம் போட்டதும் மண்ணீரில் உப்பு கூடும். மின்சாரம் எளிதாகப் பாயும். பாதி காய்ந்த நாற்றுப் பையைக்கூட ‘நல்ல ஈரம்’ என்று காட்டிவிடும். போதாததற்கு, மின்பகுப்பில் அந்தக் கம்பிகளே அரித்துப்போகும்.

இரண்டாம் வாதம்: எங்கே குத்தினாலும் ஒன்றுதான்.

மலாக்காவில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாது. இரும்புக் கப்பி மண்டிய ஒரு செம்புரை மண்ணுக்கு மண் ஆய்வாளர்கள் ‘மலாக்கா தொடர்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆ ஃபாமோசா கோட்டை வாசலில் சுற்றுலாக்காரர்கள் தொட்டுப் பார்ப்பதும் செம்புரைக் கல்தான். அந்த மண்ணில் கருவியை அழுத்தினால் கல் இடிக்கும். ஆட்டி அசைத்து இறக்கினால் பக்கத்தில் பொந்து விழும். கருவியின் பார்வையோ தன்னைச் சுற்றி ஓரிரு சென்டிமீட்டர்தான். பொந்தில் காற்று இருந்தால் ‘வறட்சி’ என்று சொல்லும். மழைநீர் தேங்கினால் ‘வெள்ளம்’ என்று சொல்லும்.

ஆகவே, கருவியைவிடச் சற்று மெல்லிய கம்பியால் முதலில் வழி செய்யுங்கள். பிறகு அசைக்காமல் நேராக இறக்குங்கள். கல் தட்டினால் மல்லுக்கட்டாமல் ஒரு சாண் தள்ளி வேறிடம் பாருங்கள். ஆழமும் முக்கியம். செம்பனையின் உறிஞ்சு வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில் இருக்கிறது. கருவியும் அங்கேதான் இருக்க வேண்டும். கூடவே ஆழத்தில் இன்னொன்று இருந்தால், விட்ட தண்ணீர் வேரைத் தாண்டி வீணாக இறங்குகிறதா என்று தெரியும்.

மூன்றாம் வாதம்: 30 சதவீதம் என்றால் 30 சதவீதம்தான்.

எதில் 30? 100 கன சென்டிமீட்டர் டப்பா நிறைய ஈரமண் எடுக்கிறோம். மண் மட்டும் 170 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்திய பிறகு 140 கிராம். போனது 30 கிராம் தண்ணீர். கனஅளவில் அது 30 சதவீதம். உலர்ந்த மண்ணின் எடையில் கணக்கிட்டால் 21 சதவீதம். ஒரே மண், இரண்டு எண். மேலும், மணற்பாங்கான நிலத்தில் 30 என்றால் சொதசொதப்பு. கனத்த களிமண்ணில் அதே 30 பயிர் வாடும் எல்லையை நெருங்கியிருக்கலாம்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவும் வழி உண்டு. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரங்காட்டும் கருவி, விவசாயியிடம் எண்ணை நீட்டுவதில்லை. நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று விளக்கு எரியும். நீர் பாய்ச்சலாமா, பொறுக்கலாமா என்ற கேள்விக்கு அதுவே பதில்.

நான்காம் வாதம்: கருவி கொஞ்சம் தப்பினாலும் மழை ஈடுகட்டிவிடும்.

1991இல் டுரியான் துங்கால் அணை வற்றியதையும் மலாக்காவில் தண்ணீருக்குப் பங்கீடு வந்ததையும் பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். மழை நாளிலும் கதை வேறு. நாற்றின் ஓலை விரிந்த பிறகு அது குடைபோல மழையைப் பைக்கு வெளியே வடித்துவிடும். பெரிய பையில் நிற்கும் செம்பனை நாற்றுக்கு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் வேண்டும். குறைந்தால் கன்று வாடும். கூடினால் அடித்துளை வழியே உரமும் சேர்ந்து ஓடும்.

சரி, கருவியை எப்படி நம்புவது? ஒரு தொங்கு தராசு போதும். மாலையில் பையை நன்றாக நனைத்து, இரவெல்லாம் வடியவிட்டு, காலையில் நிறுத்துப் பாருங்கள். அப்போது கருவி காட்டுவதே அந்த மண்ணின் ‘நிறைவு’. பிறகு தண்ணீர் விடாமல் காலைதோறும் எடையையும் எண்ணையும் எழுதுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிற்று. இலை சோர்வதற்கு முன் நிறுத்திக்கொள்ளுங்கள்; உங்கள் மண்ணுக்கான கணக்கு ஒரு தாளில் வந்திருக்கும். மண் மாறினால் தாளும் மாற வேண்டும்.

அந்தத் தாள் இல்லாத கருவி, படிக்கல் இல்லாத தராசு.