சத்துமாவும் படப்புத்தகமும்

“அங்கன்வாடியின் வேலை சோறு போடுவது, எழுத்தே தெரியாத பிள்ளைக்கு நூலகம் எதற்கு?” என்கிறார்கள். தவறான வாதம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமே ஊட்டச்சத்தையும் முன்பருவக் கல்வியையும் சேர்த்துத்தான் வைத்தது. 1948 நூலகச் சட்டத்தின்படி தென்காசியிலும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோம். அதில் அந்தப் பிள்ளைக்குப் பங்கில்லையா?

சத்துமாவு வாங்க வரும் தாயின் இடுப்பிலிருக்கும் பிள்ளையிடம் படப்புத்தகத்தை நீட்டிப் பாருங்கள். யானையை விரலால் தொட்டு, “ஆன!” என்று கத்தும். வாசிப்பு அங்கேதான் தொடங்குகிறது. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. கவிதையை வாய்விட்டுச் சொல்லித்தான் கேட்டவர்களை ரசிக்க வைத்தார். தமிழ் முதலில் காதுவழியேதான் நுழையும்.

கிளை நூலகத்திலிருந்து மாதம் ஒரு பெட்டிப் புத்தகம் அங்கன்வாடிக்குப் போகட்டும். வயிறு நிறையும் இடத்திலேயே மனசும் நிறையட்டும்.