உலகம் ஒரு ரவுண்டு: குலுக்கலில் ஒரு மான்!

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் கொலராடோ, வயோமிங், யூட்டா மாநிலங்களில் பெட்ரோல் பங்க், டீக்கடை மாதிரியான சின்ன ஹோட்டல், மளிகைக்கடை என எங்கு பார்த்தாலும் பளீர் ஆரஞ்சு நிறச் சட்டைக்காரர்கள்தான். அது மியூல் மான் வேட்டைக்காலம்.

நமக்கு மான் வேட்டை என்றாலே கேஸ், கோர்ட், ஜெயில்தான் ஞாபகம் வரும். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. அங்கேயோ அரசாங்கமே குலுக்கல் போட்டு அனுமதிச் சீட்டு தருகிறது. ‘கையில் துப்பாக்கி, காட்டில் மான்... டுமீல்!’ என்று நினைத்தால் தப்பு. துப்பாக்கி வெடிப்பது அந்தப் பயணத்தில் ஒரு நொடி. மற்றதெல்லாம் காத்திருப்பும் சுமையும்தான்.

காதுதான் அடையாளம்

‘மியூல்’ என்றால் கோவேறு கழுதை. அதைப்போல நீண்ட காதுகள் இருப்பதால் இந்தப் பெயர். ஆண் மானின் கொம்பு நம் ஊர் கவட்டையைப் போல இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகப் பிரியும். குளிர்காலத்தில் கொம்பு உதிர்ந்து புதிதாக முளைக்கும். நன்கு வளர்ந்த ஆண் மான் 100 கிலோவைத் தாண்டும். பயந்தால் நான்கு கால்களையும் ஒரே நேரத்தில் ஊன்றி ஸ்பிரிங் மாதிரித் துள்ளித் துள்ளி ஓடும். கொஞ்ச தூரம் போனதும் நின்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் உண்டு. பல மான்களுக்கு அந்த ஒரு பார்வைதான் எமன்.

வேட்டை தொடங்குவது ஏப்ரலில்

கொலராடோவில் 1999 முதல் மான் வேட்டைக்கான எல்லா அனுமதியும் குலுக்கல் முறைதான். எந்தப் பகுதியில் எத்தனை மான் இருக்கிறது, அதில் எத்தனையை எடுக்கலாம் என்று வனவிலங்குத் துறை கணக்குப் போட்டு அனுமதிகளை நிர்ணயிக்கிறது. ஏப்ரல் தொடக்கத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சீட்டு விழாதவர்களுக்கு ஒரு பாயின்ட் சேரும். அடுத்த வருடம் முன்னுரிமை. பெரிய கொம்பன்கள் இருக்கும் சில பகுதிகளுக்காக 20 வருடத்துக்கும் மேல் பாயின்ட் சேர்ப்பவர்கள் உண்டு.

சீட்டு கிடைத்தாலும் கட்டுப்பாடுகள் ஏராளம். 1949-ம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று வைத்திருக்க வேண்டும். துப்பாக்கி வேட்டையின்போது உடம்பில் 500 சதுர அங்குலத்துக்கு ஒளிரும் ஆரஞ்சு அல்லது பிங்க் நிறம் தெரிய வேண்டும், தொப்பியும் அதே நிறத்தில். மானின் கண்ணுக்கு அந்த ஆரஞ்சு பளிச்சென்று தெரியாது. இன்னொரு வேட்டைக்காரரின் கண்ணுக்குத் தெரியும். அதுதான் நோக்கம்.

காற்று பார்க்கத் தெரிய வேண்டும்

விடிவதற்கு முன்பே மேடான இடத்தில் உட்கார்ந்து, பைனாகுலரில் எதிர்ச்சரிவை அங்குலம் அங்குலமாகத் தேடுவார்கள். மான் முழு உருவமாகத் தெரியாது. ஒரு காது அசைவு, ஒரு கொம்பு நுனி, புதருக்குள் ஒரு சாம்பல் நிறத் திட்டு... அவ்வளவுதான்.

கண்டுபிடித்த பிறகு எதிரி காற்று. விடியற்காலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். வெயில் ஏறியதும் சூடாகி மேலே கிளம்பும். அந்த நேரத்தில் கீழேயிருந்து ஏறிப்போனால் மனித வாடை மானுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். அதனால் சுற்றி வளைத்து மேலே போய் இறங்குவார்கள். சில நூறு மீட்டர் நெருங்குவதற்கே மணிக்கணக்கில் ஆகும்.

தூரம் அதிகம், பின்னால் இன்னொரு மான் நிற்கிறது, உடல் சரியாகத் தெரியவில்லை என்றால் சுடக் கூடாது என்பது பயிற்சியில் சொல்லித்தரும் பாடம். காயம்பட்ட மான் காட்டுக்குள் ஓடி, நாள்கணக்கில் துடித்துச் சாவதுதான் வேட்டையிலேயே கொடுமையான விஷயம். சுட்டவர் ரத்தத்துளியைப் பின்தொடர்ந்து தேடியே ஆக வேண்டும்.

விழுந்த பிறகுதான் வேலை

மான் விழுந்ததும் அனுமதிச் சீட்டை அதன் உடலில் கட்ட வேண்டும். உடல் சூட்டிலேயே இறைச்சி கெட்டுவிடும் என்பதால் உடனே குடலை நீக்கி, தோலுரித்து, துண்டுகளாக்கித் துணிப்பைகளில் காற்றாட வைப்பார்கள். வண்டி போகாத மலையிலிருந்து 30 கிலோவுக்கும் அதிகமான இறைச்சியை முதுகில் சுமந்து இறங்க வேண்டும். கரடி நடமாட்டம் உள்ள இடமென்றால் ஒரு கண் அந்தப் பக்கமும் இருக்கணும்.

கொம்பை மட்டும் வெட்டிக்கொண்டு இறைச்சியை விட்டுப் போனால் கொலராடோவில் கடுமையான குற்றம். இறைச்சியை விற்கவும் முடியாது. சமைக்கலாம், பங்கு போடலாம், இல்லாதவர்களுக்குத் தானம் செய்யலாம்.

ஆனால், எல்லா மானும் நேராகக் குழம்புச் சட்டிக்குப் போவதில்லை. மான்களின் மூளையை அரித்து, எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும் நோய் ஒன்று 1967-ல் கொலராடோவில் ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மியூல் மான்களிடம்தான் முதலில் தெரியவந்தது. உருக்குலைந்த ஒரு வகைப் புரதத்தால் வருவது, வேகவைத்தாலும் அழியாது. மனிதர்களுக்குப் பரவியதாக இதுவரை உறுதியாகவில்லை. இருந்தாலும், நோய் உள்ள பகுதிகளில் மானைச் சோதனைக்குக் கொடுத்து, நோய் இருந்தால் சாப்பிட வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம். ரிசல்ட் வரும்வரை இறைச்சி ஃப்ரீசரில் காத்திருக்கும்.

கொன்று காப்பதா?

இங்கேதான் மனசு இடறுகிறது. 1937-ல் வந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவிகித வரி. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது. வேட்டை அனுமதிக் கட்டணமும் அப்படியே. மானைச் சுடுபவரின் பணத்தில்தான் மான் கணக்கெடுப்பும் காடு பராமரிப்பும் நடக்கின்றன. ‘சுடாமலேயே காக்க நாம் எல்லோரும் வரி கட்டினால் என்ன?’ என்று கேட்பவர்களின் கேள்வியும் நியாயமானதுதான். எனக்கும் அந்தப் பக்கமே சாய்வு. ஆனால், அப்படி ஒரு வரி வரும்வரை செலவை ஏற்பவர்களைத் திட்ட வாய் வரவில்லை.

ஏனென்றால் மியூல் மான்களுக்குத் தோட்டாவைவிடப் பெரிய ஆபத்துகள் உண்டு. ‘மான் 255’ என்று எண்ணிடப்பட்ட ஒரு பெண் மான், கழுத்துப் பட்டையோடு வயோமிங்கின் ரெட் டெசர்ட்டிலிருந்து ஐடஹோ வரை சுமார் 390 கிலோமீட்டர் நடந்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். அந்த மாதிரிப் பாதைகளில் இன்று வேலியும் நெடுஞ்சாலையும் குறுக்கிடுகின்றன. 2012-ல் வயோமிங்கின் பைன்டேல் அருகே விலங்குகள் கடக்கவென்றே சாலைக்கு மேல் 2 பாலங்களும் கீழே 6 சுரங்கப்பாதைகளும் கட்டி முடித்தார்கள். 2022-23 கடுங்குளிரில் வயோமிங்கில் மான்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, அடுத்த வேட்டைக்கான அனுமதிகளை அரசு குறைத்தது.

அதனால்தான் ஒவ்வொரு சீசனிலும் சீட்டைப் பயன்படுத்தாமல் வெறுங்கையோடு திரும்புபவர்கள் பலர். பாயின்டும் போச்சு, லீவும் போச்சு. கேட்டால், ‘சின்ன மான்தான் கண்ணில் பட்டது, விட்டுட்டு வந்துட்டேன்’ என்பவர்களும் அதில் உண்டு. அந்தச் சின்ன மானுக்கு இனிமேல்தான் பனிக்காலம்.